காற்றுப் போன சில்லைத் தனியாக மாற்றுதல்: அம்பாறை வீதியில் கார் ஓட்டும் தங்கைக்கு ஒரு பதில்

பெரியகல்லாற்றிலிருந்து அம்பாறையிலுள்ள தன் அலுவலகத்துக்கு ஒவ்வொரு நாளும் சிறிய காரொன்றை ஓட்டிச் செல்லும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "கணவர் கட்டாரில் இருக்கிறார். சில நாட்களில் வேலை முடிந்து புறப்படவே ஆறு மணியாகி விடுகிறது. சம்மாந்துறைக்கும் அம்பாறைக்கும் நடுவே வயல்வெளியில் ரயருக்குக் காற்றுப் போனால், நான் ஒருத்தியாக நின்று சில்லை மாற்ற முடியுமா, அண்ணா? அதற்கு என் பலம் போதுமா? காரில் எதை எதை வைத்திருக்க வேண்டும்?"

முடியும், தங்கச்சி. பலத்தைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்து விடுகிறேன். சிறிய கார்களின் சில்லு நட்டுகளை ஏறக்குறைய 85 முதல் 110 நியூட்டன் மீற்றர் வரையான முறுக்கத்தில் இறுக்கும்படியே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு ஸ்பானரின் நுனியில் 40 கிலோ பாரத்தை வைத்தால் வருகின்ற முறுக்கம் ஏறக்குறைய 98 நியூட்டன் மீற்றர். உங்கள் உடல் நிறையில் முக்கால் பங்கை ஒரு காலால் அந்த நுனியில் ஊன்றினாலே போதும் என்பதுதான் இதன் பொருள். காரைத் தூக்குவது ஜக்கின் வேலை. கழற்றிய சில்லின் நிறை 12 முதல் 15 கிலோ வரைதான் இருக்கும். ஒரு குடம் தண்ணீர் தூக்குகிறவருக்கு அது பெரிய சுமை அல்ல.

இருபத்தாறு வருடங்களாக வாகனம் திருத்தியும் ஓட்டியும் பிழைக்கிறவன் நான். வீதியில் சில்லு மாற்ற முடியாமல் நின்றவர்களிடம் நான் கண்ட காரணங்கள் மூன்றுதான். மேலதிகச் சில்லிலும் காற்று இருக்கவில்லை; அல்லது நட்டு அசையவில்லை; அல்லது ஜக் மண்ணுக்குள் இறங்கி விட்டது. மூன்றையும் வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடித்துத் தீர்த்து விடலாம். ஆகவே நான் உங்களிடம் கேட்பது, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஒன்றுக்கும் காற்றுப் போகாத நிலையில் ஒரு சில்லைக் கழற்றி மேலதிகச் சில்லைப் பூட்டி, பின்னர் அதையும் கழற்றிப் பழையதைப் பூட்டிப் பாருங்கள் என்பதே. ஒரு தடவை கை பழகிய வேலையை இருட்டிலும் செய்யலாம்; முதல் தடவையாகச் செய்வதை இருட்டில் செய்யக் கூடாது.

மேலதிகச் சில்லிலிருந்து தொடங்குங்கள். டிக்கியில் பாய்க்கு அடியில் படுத்திருக்கும் அந்தச் சில்லுக்குக் காற்று அடிக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. பயன்படுத்தாத ரயரிலும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் காற்று இறங்கிக் கொண்டே இருக்கும். இரண்டு வருடம் பார்க்காமல் விட்டால் அது அநேகமாக அரை வயிற்றில்தான் இருக்கும். முழு அளவுச் சில்லாக இருந்தால், சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் குறித்துள்ள அளவைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) கூடுதலாக அடித்து வையுங்கள். தேவைப்படும்போது கூடியதைக் குறைப்பது எளிது. மெல்லிய தற்காலிகச் சில்லாக இருந்தால் அதன் பக்கச் சுவரில் 60 பி.எஸ்.ஐ. என்றும், மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக் கூடாது என்றும் எழுதியிருக்கும். அந்த 60 என்பது அச்சுப் பிழை அல்ல. மற்றச் சில்லுகளுக்கு அடிக்கிற 30ஐ இதற்கும் அடித்தால், மெல்லிய அந்த ரயர் காரின் பாரத்தைத் தாங்காது. காற்று அடித்த கையோடு வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பூ தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும், பத்து வருடம் கடந்த ரயரை நம்ப வேண்டாம். றப்பர் தானாகவே காய்ந்து வெடித்திருக்கும்.

அடுத்தது நட்டு. ரயர்க் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை இறுக்குகிறார்கள். கவனமுள்ளவர் துப்பாக்கியால் பாதி இறுக்கி, மீதியைக் கையால் இறுக்குவார். அவசரக்காரர் துப்பாக்கி நிற்கும்வரை அழுத்திப் பிடிப்பார். ஒருமுறை என் சொந்தக் காரின் நட்டை ஒரு கடையில் அப்படி இறுக்கி அனுப்பியதை அறியாமல், மூன்று மாதம் கழித்து வவுணதீவுக்கு அப்பால் வயல் வீதியில் நின்று, ஸ்பானரின் மேல் இரண்டு காலாலும் ஏறி நின்றும் நான்கில் ஒன்று அசையாமல், கடைசியில் அதன் விளிம்புகள் உருண்டு போனதைப் பார்த்துக் கொண்டு நின்றேன். அன்றிலிருந்து எந்தக் கடையில் சில்லைப் பூட்டினாலும், வீட்டுக்கு வந்ததும் அல்லது அந்த இடத்திலேயே, என் காரோடு வந்த ஸ்பானரால் ஒவ்வொரு நட்டையும் தளர்த்தித் திரும்ப இறுக்குகிறேன். நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும். காரோடு வந்த சிறிய ஸ்பானர் கைக்கு எட்டவில்லை என்று தோன்றினால், நட்டின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் நீண்ட கைபிடியுள்ள ஒன்றை வாங்குங்கள், அல்லது ஸ்பானரின் கைபிடிக்கு மேல் செருகக் கூடிய இரண்டடி நீள இரும்புக் குழாய் ஒன்றை வைத்திருங்கள். அந்தக் குழாய் தளர்த்துவதற்கு மட்டுமே. அதைச் செருகி இறுக்கினால் துப்பாக்கிக்காரர் செய்த தவறையே நாமும் செய்கிறோம். அலோய் ரிம் போட்ட காராக இருந்தால் இரண்டு விடயங்களைக் கூடுதலாகப் பாருங்கள்: திருட்டுக்குப் பயந்து ஒரு நட்டு பூட்டு நட்டாக இருந்தால் அதன் சாவி காருக்குள் இருக்க வேண்டும், அலோய் ரிம்முக்கான நட்டு, இரும்பு ரிம்மாலான மேலதிகச் சில்லுக்கும் சரியாக உட்காருகிறதா என்பதை முற்றத்திலேயே பூட்டிப் பார்த்து அறிந்திருக்க வேண்டும்.

காரில் வைத்திருக்க வேண்டிய பொருட்களில் ஜக், ஸ்பானர் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது ஒரு பலகைத் துண்டைத்தான். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலத் தடிப்பு, நல்ல உறுதியான மரம். காரோடு வரும் ஜக்கின் அடிப்பாகம் உள்ளங்கை அளவுதான். தார் வீதியில் அது போதும். நமது கரையோரம் முழுவதும் மணல்; வயல் வீதிகளின் ஓரம் மாரியில் களி. ஒரு சிறிய காரின் கால்வாசிப் பாரத்துக்கு மேல் அந்த உள்ளங்கை அளவு இரும்பின் மீது இறங்கும்போது, மணல் அதற்கு வழி விட்டு விடும்.

இதை நான் நன்றாக அறிந்து கொண்டது உகந்தைக்குப் போன வழியில். ஆடி உற்சவத்துக்காக உறவினர்களோடு ஒரு வானில் திருக்கோவில், பொத்துவில் கடந்து, பாணமைக்கு அப்பால் கிறவல் வீதியில் போய்க் கொண்டிருந்தபோது இடது பின்சில்லுக்குக் காற்றுப் போய் விட்டது. எல்லாரையும் இறக்கி நிழலில் நிற்க வைத்து விட்டு, ஓரத்து மணலில் ஜக்கை நேரடியாக வைத்துத் தூக்கினேன். வான் எழும்பியது, சில்லும் கழன்றது. மேலதிகச் சில்லை உருட்டி வருவதற்காக நான் எழுந்து இரண்டு எட்டு வைத்தபோது, ஜக் ஒரு பக்கமாக மெல்லச் சரிந்து, வான் முனகிக் கொண்டே இறங்கி, பிறேக் ட்ரம் மணலுக்குள் புதைந்து நின்றது. ஒரு நிமிடத்துக்கு முன்னர் என் முழங்கை அந்த ட்ரம்முக்குக் கீழேதான் இருந்தது. சமையலுக்கென்று ஏற்றி வந்த சாமான்களுக்குள் மம்பட்டி இருந்தது. ஜக் பொருத்தும் இடத்துக்குக் கீழே மணலைத் தோண்டினோம். பெரியம்மா தன் தேங்காய் திருவும் பலகையைத் தூக்கிக் கொண்டு வந்து, "இதை வைச்சுப் பார் மகன்" என்றார். திருவலையைக் கழற்றி விட்டு, அந்தப் பலகையைக் குழிக்குள் மட்டமாக வைத்து, அதன் மேல் ஜக்கை நிறுத்தித் தூக்கியபோது, அது ஒரு விரல் அளவும் இறங்கவில்லை. ஜக்கின் அடி பதிந்த சதுரத் தழும்போடு அந்தப் பலகை இன்றும் பெரியம்மா வீட்டுக் குசினியில் இருக்கிறது.

பலகையோடு சேர்த்து வைக்க வேண்டியவை சில. சில்லுக்குத் தடையாக வைக்க இரண்டு மரக்கட்டைகள்; வயல் நடுவே கல் தேடினாலும் கிடைக்காது. முழங்கால் ஊன்றவும் நட்டுகளைப் போட்டு வைக்கவும் ஒரு வெற்று உரப்பை. தலையில் கட்டிக் கொள்ளும் டோர்ச் லைட். கையில் பிடிக்கும் லைட்டைப் பிடிக்க உங்களுக்கு மூன்றாவது கை இல்லை. ஒரு சோடி கையுறை, எச்சரிக்கை முக்கோணம், காற்று அளக்கும் மானி. அலுவலகத்துக்குச் சேலை உடுத்திப் போகிறவராக இருந்தால், தட்டையான பழைய சப்பாத்து ஒரு சோடியையும் டிக்கியில் போட்டு வையுங்கள். செருப்போடு ஸ்பானரில் ஏறி நிற்பது வழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகி இயக்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆணி குத்தி மெதுவாகக் காற்று இறங்கும் வேளைகளில், சில்லைக் கழற்றாமலே காற்றை நிரப்பிக் கொண்டு அடுத்த ரயர்க் கடை வரை போய்ச் சேர அதுவே போதும்.

இனி வீதியில் நடப்பது. காற்று இறங்கத் தொடங்கியதும் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், அல்லது பின்புறம் தளர்ந்து ஆடுவது போல இருக்கும். பிறகு 'தப் தப்' என்ற சத்தம் கேட்கும். ரயர் திடீரென வெடித்தாலும் பிறேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, கார் தானாக வேகம் குறைந்த பின்னர் இடது சமிக்ஞை போட்டு ஒதுங்குங்கள். வெடித்த ரயரோடு நடை வேகத்தில் இருநூறு மீற்றர் போனால் அந்த ரயர் பழுதாகலாம், ரிம்மும் அடிபடலாம். அந்தச் செலவை நினைத்து ஆபத்தான இடத்தில் நிற்க வேண்டாம். வளைவிலும் பாலத்திலும் நிற்கக் கூடாது. சம்மாந்துறை கடந்து மல்வத்தைப் பக்கம் போகும்போது வீதி வயலைவிட உயரமாகவும் ஓரம் ஒடுக்கமாகவும் இருக்கும் இடங்களில், வயலுக்கு இறங்கும் பாதையின் வாய் எங்கே வருகிறது என்று பார்த்துப் போய் நில்லுங்கள். உழவு மெசின் ஏறி இறங்கி அந்த இடம் இறுகிப் போய் மட்டமாக இருக்கும். ஒவ்வொரு நாளும் போய் வருகிற வீதி அது. நிற்கக் கூடிய நாலைந்து இடங்களை இப்போதே மனதில் குறித்து வைத்துக் கொள்ளலாம்.

நமது வீதியில் இடது புறமாக ஓட்டுவதால், வலப் பக்கச் சில்லுக்குக் காற்றுப் போனால் நீங்கள் முதுகை வீதிக்குக் காட்டிக் குந்த வேண்டியிருக்கும். அந்த நிலையில் இன்னும் கொஞ்சம் இடமுள்ள இடம் தேடிப் போய், உங்கள் உடம்பு முழுவதும் தாருக்கு வெளியே இருக்கும்படி காரை நிறுத்துங்கள். நான்கு சமிக்ஞை விளக்குகளையும் போட்டு, முக்கோணத்தை காருக்குப் பின்னால் ஐம்பது அறுபது எட்டுத் தூரத்தில் வையுங்கள். முக்கோணம் இல்லாதவர்கள் நம் பக்கத்தில் மரக்கொப்பை முறித்து வீதியில் வைப்பார்கள்; அதைக் கண்டால் எல்லாச் சாரதிகளுக்கும் விளங்கும். ஆனால் வேலை முடிந்ததும் கொப்பையும் சில்லுக்கு வைத்த கல்லையும் எடுத்து அப்புறப்படுத்த மறந்து போகிறவர்கள் பலர். இருட்டிய பின் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அந்தக் கல் உயிராபத்து. காருக்குள் பிள்ளைகள் இருந்தால் இறக்கி, வீதியை விட்டு விலகிய பக்கமாக, காருக்கு முன்னாலோ பின்னாலோ அல்லாமல், தள்ளி நிற்க வையுங்கள்.

யானை நடமாடும் இடங்களைப் பற்றி ஒரு சொல். பொத்துவிலுக்கு மேற்கே லகுகல வீதியிலும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்பகுதிகளிலும், பதுளை வீதியில் புல்லுமலைக்கு அப்பாலும் பொழுது சாய்ந்த பின்னர் காற்றுப் போனால் இறங்கிக் குந்தாதீர்கள். ரிம் கெட்டாலும் பரவாயில்லை, ஊர் வெளிச்சம் அல்லது காவலரண் வரும் வரை மெதுவாக உருட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால் கதவைப் பூட்டிக் கொண்டு உள்ளேயே இருந்து, தெரிந்தவர்களையோ 119 இல் பொலிசாரையோ அழையுங்கள்.

காரை நிறுத்தியதும் அது உருளாமல் பிடித்து வைக்க வேண்டும். இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான சிறிய கார்களில் என்ஜின் முன்சில்லுகளை ஓட்டுகிறது. ஹான்ட் பிறேக் பின்சில்லுகளைப் பிடிக்கிறது. முன்சில்லு ஒன்றை மேலே தூக்கியதும், என்ஜினின் பலத்தை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரென்சியலின் தன்மையால் தரையிலிருக்கும் மற்ற முன்சில்லு ஒரு பக்கம் உருள, தூக்கிய சில்லு எதிர்ப் பக்கம் சுழலும். ஆகவே கியரில் போட்டு வைத்தாலும், ஓட்டோ காரில் கியரை 'பீ' (பார்க்) இல் வைத்தாலும் அது காரைப் பிடிக்காது; அந்த நேரத்தில் காரைத் தாங்குவது ஹான்ட் பிறேக் மட்டுமே. பின்சில்லைத் தூக்கும்போது ஹான்ட் பிறேக்கின் ஒரு பாதி ஆகாயத்தில் நிற்கும்; கியர்தான் முன்சில்லுகளை உறுதியாகப் பிடிக்கும். எந்தச் சில்லானாலும் இரண்டையும் போடுங்கள், அதோடு தூக்கப் போகும் சில்லுக்கு மூலைக்கு மூலை எதிரான சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டையை இறுக்கி வையுங்கள். ஹான்ட் பிறேக் தளர்ந்த காரில் முன்சில்லை மாற்றப் போக வேண்டாம்; அதை முதலில் கராஜில் காட்டுங்கள்.

ஜக்கைத் தொடுவதற்கு முன்னர், சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பின்னர் முயன்றால் சில்லு சுற்றும், நீங்கள் இழுக்கும் இழுவையில் கார் ஜக்கிலிருந்து சரியவும் கூடும். ஸ்பானரை நட்டில் ஆழமாகப் பொருத்தி, அதன் கைபிடி உங்களுக்கு இடப் பக்கமாகக் கிடைமட்டத்தில் இருக்கும்படி வைத்து, காலால் கீழ்நோக்கி அழுத்துங்கள். நட்டு இடஞ்சுழியாகத் திரும்பித் தளரும். துள்ளிக் குதிக்க வேண்டாம். கார்க் கதவையோ கூரையையோ பிடித்துக் கொண்டு பாரத்தை மெல்ல ஏற்றுங்கள். 'கிறிச்' என்ற சத்தத்தோடு அது விட்டுக் கொடுக்கும். ஒவ்வொன்றையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி விட்டு நிறுத்துங்கள்.

காரின் கதவுகளுக்குக் கீழே, முன்சில்லுக்குச் சற்றுப் பின்னாலும் பின்சில்லுக்குச் சற்று முன்னாலும், அடி விளிம்புத் தகட்டில் ஜக்குக்கென்று வெட்டிய இரண்டு சிறு அடையாளங்கள் இருக்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவில்தான் ஜக்கின் தலை உட்கார வேண்டும். தள்ளி வைத்தால் தகடு நெளியும். பலகையை மட்டமாக வைத்து, அதன் நடுவில் ஜக்கை நேராக நிறுத்துங்கள். ஜக் காரைத் தொட்டதும் ஒரு தடவை சுற்றிப் பார்த்து, அது சாய்ந்திருக்கவில்லை என்று உறுதி செய்து கொண்டு தூக்குங்கள். காற்றுப் போன சில்லு தரையை விட்டதோடு நிறுத்தி விடக் கூடாது. காற்று நிறைந்த சில்லுக்கு இன்னும் நாலைந்து சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். மேலதிகச் சில்லை இந்த நேரத்தில் காரின் அடியில், ஜக்குக்குப் பக்கத்தில் படுக்க வைத்து விடுங்கள். ஜக் சரிந்தாலும் கார் அதன் மேல்தான் விழும். சில்லை மாற்றும்போது அதை எடுத்து விட்டு, கழற்றியதை அந்த இடத்தில் தள்ளுங்கள். உடம்பின் எந்தப் பாகத்தையும் காருக்குக் கீழே நுழைக்கக் கூடாது. விழுந்த நட்டை எடுப்பதற்காகக் கூட வேண்டாம். ஒரு குச்சியால் தட்டி எடுங்கள்.

நட்டு எல்லாம் கழன்ற பின்னரும் சில்லு வராமல் ஒட்டிக் கொண்டு நிற்பது நமது கரையோரத்தில் சாதாரணம். கல்லாறு ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வாவியுமாக உள்ள ஊர். இரவு முழுவதும் முற்றத்தில் நிற்கும் காரின் மேல் உப்புக் காற்று படிகிறது. ரிம்மின் நடுத் துளையும் அது உட்காரும் இரும்பும் துருவால் ஒன்றாகி விடும். அப்போது இரண்டு நட்டுகளை ஒன்றிரண்டு சுற்று மட்டும் திரும்பப் போட்டு, காருக்கு வெளியே இருந்தபடியே ரயரின் இடது வலது பக்கங்களைக் குதிக்காலால் மாறி மாறித் தட்டுங்கள். அதற்கும் வராவிட்டால், அந்த நட்டுகளைத் தளர்ந்த நிலையிலேயே விட்டு, ஜக்கை மெல்ல இறக்கிக் காரின் பாரத்தைச் சில்லின் மேல் விடுங்கள்; பெரும்பாலும் அப்போது 'டக்' என்று விட்டு விடும். ஞாயிற்றுக்கிழமை பழகும்போதே இந்தத் துருவைக் கம்பித் தூரிகையால் உரசி எடுத்து, நடு இரும்பின் விளிம்பில் மட்டும் கிறீஸை ஒரு படலமாகப் பூசி விட்டால் பிறகு இந்தப் பாடு இல்லை. நட்டுப் பூட்டும் ஆணியின் மரைகளில் எண்ணெயோ கிறீஸோ பூசாதீர்கள். வழுக்கும் மரையில் அதே பலத்தில் இறுக்கினால் ஆணி அளவுக்கு மேல் இழுபட்டு, முறிந்தும் போகலாம்.

சில்லைப் பூட்டும்போது காருக்கு எதிரே தரையில் உரப்பையை விரித்து உட்கார்ந்து, பாதத்தை ரயரின் அடியில் கொடுத்து நெம்பினால், கையால் தூக்க வேண்டிய தேவை குறையும். முதலாவது நட்டை மேலேயுள்ள ஆணியில் கையால் போடுங்கள். பிறகு மற்றவை தானாக நேர்ப்படும். கூம்பு வடிவப் பக்கம் ரிம்மை நோக்கி இருக்க வேண்டும். தட்டைப் பக்கத்தை உள்ளே வைத்துப் பூட்டிய சில்லு ஓட ஓடத் தளரும். நட்டு கையால் மூன்று நான்கு சுற்று இலகுவாகப் போகாவிட்டால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். ஸ்பானரால் பலவந்தம் செய்யாமல் கழற்றித் திரும்பப் போடுங்கள். எல்லாம் கையால் இறுகியதும் ஜக்கை இறக்கி, சில்லு தரையில் நன்றாக ஊன்றிய பிறகு, ஸ்பானரின் கைபிடியை வலப் பக்கமாக வைத்துக் கையால் கீழே அழுத்தி, ஒன்றுக்கு எதிரானது மற்றது என்ற முறையில் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவையாக இறுக்குங்கள். அடுத்தடுத்து இறுக்கினால் ரிம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். இறுக்கும்போது ஸ்பானரில் ஏறி நிற்க வேண்டாம். உடம்பின் பாரத்தைக் கையில் கொடுத்து அழுத்தினால் போதும்.

மாரி காலத்தில், கார்த்திகை தொடங்கித் தை வரையில், இன்னொரு கவனம் வேண்டும். வெள்ளம் வீதியை மூடிய இடத்தில் குழியும் உடைந்த தார் விளிம்பும் தெரியாது. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதியைப் போல ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் பாயும் இடங்களில் ரயரின் பக்கச் சுவர் வெட்டுப்படுவது வழக்கம். பக்கச் சுவரில் ஏற்பட்ட வெட்டுக்கு ஒட்டு இல்லை. அந்த ரயரை மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் நிற்கும் இடத்தில் ஜக் வைக்கவும் கூடாது, அடி மண் எப்படி இருக்கிறது என்று தெரியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெயிலில் தார் கொதிக்கும்போது, காற்றுக் குறைந்த ரயர் மேலும் சூடேறி வெடிக்கிறது. ஆகையால் காலையில் புறப்படும் முன்னர், ரயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். ஓடி வந்து சூடேறிய ரயரில் மானி கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கி விடக் கூடாது.

உங்கள் கார் யப்பானிலிருந்து வந்த புதிய வகையாக இருந்தால், டிக்கியைத் திறந்து ஒரு தடவை பார்த்து விடுங்கள். அப்படியான கார்கள் பலவற்றில் மேலதிகச் சில்லே இல்லை. அதன் இடத்தில் ஒரு பசைப் போத்தலும் சிறிய பம்பியும்தான் இருக்கும். பசை ஆணித் துளை போன்ற சிறிய துளையை மட்டுமே அடைக்கும், அதற்குக் காலாவதித் திகதியும் உண்டு. அம்பாறைக்கு ஒவ்வொரு நாளும் தனியாகப் போகும் ஒருவர் அதை மட்டும் நம்பியிருப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. நட்டுப் பூட்டும் ஆணிகளுக்கான அதே அளவும் அதே வெளிவட்டமும் உள்ள ஒரு சில்லை ரிம்மோடு வாங்கி டிக்கியில் கட்டி வைப்பது நல்லது. அப்படிப்பட்ட கார்களில் ஜக்கும் ஸ்பானரும் சேர்ந்து வந்தனவா என்பதையும் பாருங்கள்.

சில்லு மாற்றியாயிற்று, வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. மறுநாளே ரயரை ஒட்டக் கொடுங்கள். காரைதீவிலும் கல்முனையிலும் வீதியோரத்தில் கடைகள் இருக்கின்றன. நம்பிக்கையான ஒருவரை ஒரு தடவை பழகி வைத்துக் கொள்ளுங்கள். கடையில் நின்று, ரயரை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைக் காட்டும்படி கேளுங்கள். காற்றில்லாமல் ஓடிய ரயரின் உட்சுவரில் வட்டமாக ஓர் உரசல் வரியும், கையில் ஒட்டும் கறுப்புத் தூளும் இருக்கும். அதைக் கண்டால், துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த ரயரை ஒட்டித் திரும்பப் போட விடாதீர்கள். உள்ளே நார்கள் நைந்து போயிருக்கும். உட்புறம் சுத்தமாக இருந்து, துளை தரையில் படும் பாகத்தில் 6 மில்லிமீற்றருக்குள் இருந்தால், உள்ளிருந்து ஒட்டுப் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து செருகும் றப்பர்த் திரி அவசரத்துக்கு உதவும், ஆனால் உள்ளொட்டுப் போல நிலைக்காது. பூட்டும்போது துப்பாக்கியால் கடைசிவரை இறுக்க வேண்டாம் என்று சொல்லி, நட்டுகளைக் கையால் இறுக்குவதை நின்று பாருங்கள். "நானா, கொஞ்சம் கையால இறுக்கி விடுங்க" என்று நீங்கள் கேட்டால் மனம் கோணுகிறவர் யாருமில்லை.

50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு, அதாவது உங்களுக்கு ஓரிரு நாளில், காலையில் புறப்படும் முன் நான்கு நட்டுகளையும் ஒரு தடவை ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள். புதிதாக உட்கார்ந்த ரிம் சற்றுத் தளர்வது உண்டு. ஒன்று கால் சுற்றாவது போனால் மற்றதையும் அதே முறையில் இறுக்கி விட்டு, இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். பலகை, மரக்கட்டை, உரப்பை, டோர்ச் லைட் எல்லாம் திரும்ப டிக்கிக்குள் போயினவா என்பதையும் அந்தக் காலையிலேயே பார்த்து விடலாம்.